ஒரு வாய்த் தண்ணீர்

ஏங்க,

அசந்து தூங்கினீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு போய்ப் பேச உட்காராதீர்கள்.

புது கம்பெனியிலிருந்து கூப்பிட்டதும், நாம் பேசி வைத்த சம்பளத்தைச் சொல்லுங்கள். சொன்ன கையோடு, லேப்டாப் பக்கத்தில் வைத்திருக்கும் தம்ளரிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரை எடுத்து, விழுங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். பழைய பைக்கை விற்றபோது வாங்க வந்தவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாவம், டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் நீங்களாகவே "சரி விடுங்க, கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று இரண்டு தடவை இறங்கிவிட்டீர்கள். இன்றைக்கு அவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கட்டும். பதில் வந்த பிறகு விழுங்கினால் போதும்.

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்றும் கேளுங்கள். அதற்கும் ஒரு வாய்.

குழாய் ரிப்பேர்காரரை மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நேற்று ராத்திரி "நீங்க வீட்டுலயே கிடந்தா எனக்குத்தான் தொல்லை"ன்னு நான் கத்தியது கோபத்தில் வந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு அந்த மூன்று நாளை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. ஊராரிடம் வாய் ஓயாத மனுஷன், என்னோடு சண்டை என்றால் மட்டும் ஊமையாகிவிடுகிறீர்கள். சாயங்காலம் நான் மணியடித்தால், வாயிலிருக்கும் தண்ணீரை விழுங்கிவிட்டு வந்து கதவைத் திறங்கள்.