கூரையில் கல் இருந்தால்தான் காப்பீடு

திரியெஸ்தே,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நெரீனாவுக்கு உன் சித்தப்பா லிவியோ எழுதிக்கொள்வது. நானும் உன் சித்தியும் இங்கே காற்றில் பறந்துபோகாமல் சுகமாயிருக்கிறோம்; மெல்போர்ன் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் உருகிப்போகாமல் இருக்கிறீர்களா என்று உடனே எழுது. சித்தியின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, டாக்டரைத் திட்டுகிற தெம்பும் அப்படியே இருக்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வயிற்றைப் பிடிக்கிறதே என்றேன், சட்டைமேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டாள். நிற்க, இனி நான் எழுதப்போவது, என் உத்தியோகத்தின்மேல் ஆணையாக, உலகத்தில் ஒருவரும் நம்பமுடியாத கதை. நீயும் நம்பவேண்டாம், ஆனால் கடைசிவரை படி.

என் வேலை உனக்குத் தெரியும். ஒரு வீடு எரியுமா, இடியுமா, பறக்குமா என்று பார்த்து, இதற்கு இன்சூரன்ஸ் கொடுக்கலாம், இதற்குக் கூடாது என்று கையெழுத்துப் போடுவது. என்னைக் கேட்காமல் இந்த ஊரில் ஒரு புறாகூடக் கூடு கட்டுவதில்லை. அந்தக் காலத்துப் பேரரசர்களே நான் தேதி கொடுக்கும்வரை காத்திருந்துதான் அரண்மனை கட்டினார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கு மேலதிகாரியாக மிலானிலிருந்து பிரம்பாத்தி என்று ஒருவர் வந்திருக்கிறார். நம்முடைய போரா காற்றைப் புள்ளிவிவரத்தில் மட்டும் பார்த்தவர். வந்த சூட்டோடு ஓர் உத்தரவு போட்டார்: கூரைமேல் கட்டாத கற்கள் கிடக்கிற வீடெல்லாம் ஆபத்தானவை, கற்களை இறக்கினால்தான் பாலிசி புதுப்பிக்கப்படும். மேலே கார்சோ மேட்டில் ஓட்டின்மேல் கல் வைக்காத வீடு ஏது? காற்று ஓட்டைப் பெயர்க்காமல் இருக்கத்தானே அந்தக் கல்லே.

மேட்டில் மிலோய்காவை மறந்திருக்கமாட்டாய். கடை திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் மரக்கிளையைத் தொங்கவிட்டு, சொந்த ஒயினும் அவித்த முட்டையும் பன்றித்தொடை ஹாமும் விற்பாளே, ஊருக்குக் கிளம்பும் முன் நீ ஒரு முழுத் தொடையைத் தின்று தீர்த்தது அவள் வீட்டில்தான். இந்த மாதத்தோடு அவள் பாலிசி முடிகிறது. பாலிசி போனால் கடைக்கு உரிமம் இல்லை, கடை போனால் அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது பயந்துபோய் ஏணி வைத்துப் பாதிக் கல்லை இறக்கியிருந்தாள். என்னைக் கண்டதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்னய்யா லிவியோ, கல்லை எடுத்தா கூரை போகுது, எடுக்காட்டி கடை போகுது. எதை விடட்டும், உங்க ஆபீஸே சொல்லட்டும்" என்றாள். ஒன்றையும் விடாதே, எல்லாவற்றையும் மேலே ஏற்று என்றேன். கன்றுக்குட்டி அளவு கற்களை நான் கீழேயிருந்து ஒற்றைக் கையால் வீச, அவை தாமாகவே வரிசையில் போய் உட்கார்ந்தன. பிறகு அவள் மேசையிலேயே பாலிசியை விரித்து என் கையால் ஒரு நிபந்தனை எழுதினேன்: கூரையில் கற்கள் இருக்கும்வரைதான் இந்தக் காப்பீடு செல்லும், இறக்கினால் செல்லாது. கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஆபீஸில் அதைப் படித்த பிரம்பாத்தி தக்காளி நிறத்துக்குப் போய், உத்தரவுக்கு நேர்மாறாக எழுதியிருக்கிறீரே, நாற்காலி வேண்டாமா என்று கத்தினார். நாற்காலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கல்லை நானே போய் இறக்குகிறேன் என்று மேட்டுக்குக் கிளம்பினார், பின்னாலேயே நானும் போனேன். அப்போது வந்தது பார் போரா! மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படி. மாடுகள் கடவுச்சீட்டு இல்லாமல் எல்லை தாண்டிப் பறந்தன, காவலர்கள் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள். கோயில் மணிக்கூண்டு குனிந்து கிணற்றில் தண்ணீர் குடித்தது. பிரம்பாத்தியின் தொப்பி வெனிஸுக்குப் போய் அங்கே கல்யாணம் செய்துகொண்டது. அவரோ காற்று நாளில் ஜனங்கள் பிடித்து நடப்பதற்காகத் தெருவில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி கொடிபோல் படபடத்தார். மிலோய்கா நிதானமாக வெளியே வந்து அவர் கோட்டுப் பைகளில் பைக்கொன்றாக இரண்டு கல்லைத் திணித்தாள். "சார் ஒல்லியா இருக்கீங்க, இதோட நடங்க. திருப்பிக் குடுத்துடணும், கூரைக் கல்லு." பொத்தென்று தரையிறங்கினார். அவள் கூரையில் ஓர் ஓடு அசையவில்லை. உத்தரவுப்படி கல்லை இறக்கிய பக்கத்து வீட்டுக் கூரை உங்கள் ஊர்ப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது, கண்டால் பிடித்து வை. பிரம்பாத்தி மூன்று குடம் ஒயின் குடித்து அழுது, மிலான் தலைமை அலுவலகத்தின் மேலேயும் கல் அடுக்குவதாகச் சபதம் செய்தார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கூரையும் சோறும் குறையாமல் வாழ என் ஆசிகள். அங்கே வீடு பார்க்கும்போது முதலில் கூரையைப் பார், சமையலறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் சித்தியின் பிறந்தநாள், போன் செய்ய மறந்தால் திட்டு எனக்குத்தான்.

மாடு பறக்கவில்லை மகளே. பிரம்பாத்தி மேட்டுக்கு வரவே இல்லை, பெரிய காற்றும் இனிமேல்தான் வரவேண்டும். அந்த நிபந்தனையை எழுதிக் கையெழுத்துப் போட்டது மட்டும் நிஜம். நாளைக் காலை விசாரணை, அதை அடித்துத் திருத்தினால் வேலை, இல்லையென்றால் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் பேனாவே எடுத்துப்போகப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
லிவியோ