நூலில் போட்ட முடிச்சு

அன்புள்ள மகள் சுமித்திராவுக்கு,

புளியங்குளத்திலிருந்து அப்பா எழுதுகிறேன். அந்த ஓமான் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்க வேண்டும் என்று நாள் தவறாமல் அம்மனைக் கும்பிடுகிறோம். இங்கே நான், அம்மா, உன் மகள் தனுஷா மூவரும் சுகம். மாப்பிள்ளை சுமன் வவுனியா அரிசி ஆலையிலிருந்து சனிக்கிழமைகளில் வந்து போகிறார். இந்தக் கடிதத்தை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. செவ்வாய்க்கிழமை தொடங்கினேன், இன்று வெள்ளி. முன்பள்ளியில் நடக்கும் பெரியவர்கள் வகுப்புக்கு ஒரு வருடமாகப் போகிறேன், அங்கே இருப்பதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் கதிரைகள், உட்கார்ந்தால் முழங்கால் நாடியில் முட்டும். பரவாயில்லை, இப்போது பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை நானே வாசித்துத்தான் ஏறுகிறேன். போன வாரம் மருந்துப் போத்தலில் நன்றாகக் குலுக்கவும் என்று இருந்ததை வாசித்துவிட்டு, இத்தனை வருடமும் குலுக்காமலே குடித்திருக்கிறோமே என்று எனக்கு ஒரே சிரிப்பு.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள், அதை முதலில் எழுதிவிடுகிறேன், பயப்படாமல் வாசி. மாசியில் நீ போகும்போது, கிளினிக் அட்டையில் தனுஷாவின் எடைக் கோடு பச்சைப் பட்டையை விட்டுக் கீழே இறங்கினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவேன் என்றாய். சித்திரையிலும் ஆடியிலும் அம்மா அந்த அட்டையைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினாள், கோடு பச்சையில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோடு உண்மை இல்லை. நீ போன பிறகு பிள்ளை சோற்றைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள், மெலிந்தாள். அம்மா பயந்து, நிறுக்கிற நாள் காலையில் கஞ்சித் தண்ணியும் ஒரு முழு இளநீரும் குடிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் மழை நாளில் கொழுந்து ஈரமாக இருந்தால் கூடை கூடுதலாக நிறுக்கும், சில பேர் வெயில் நாளிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு போவார்கள், கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை கண்டுபிடித்தால் கழித்துவிடுவார். உன் அம்மா அங்கே கற்ற வித்தையைப் பேத்தியிடம் காட்டியிருக்கிறாள். எனக்கு அப்போது இது தெரியாது, பிள்ளைக்கு உடம்புச் சூடு, அதற்குத்தான் இளநீர் என்று நினைத்தேன்.

முதலில் சந்தேகம் வந்தது அட்டையை வாசித்தபோதுதான். எழுத்துப் பழக வீட்டில் இருக்கிற தாள் எல்லாவற்றையும் எடுத்து வாசிப்பேன், அப்படித்தான் அதையும் எடுத்தேன். எடைப் பக்கத்துக்கு அடுத்த பக்கம் உயரம். எடை ஏறுகிறது, உயரம் வரப்பு மாதிரிப் படுத்துக் கிடக்கிறது. தையில் எண்பத்தொன்றரை, ஆடியில் எண்பத்திரண்டரை, ஆறு மாதத்தில் ஒரு சென்டிமீற்றர்தான். அம்மாவிடம் கேட்டேன். பொம்பளப் புள்ள உசரமா வளந்து தென்ன மரத்துலயா ஏறப் போகுது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த கிழமை கிளினிக்கில் ஒரு கூட்டம், வவுனியாவிலிருந்து ஒரு டொக்டர் வந்து பேசினார். உலகத்தில் எல்லா நாடுகளையும் இப்போது இப்படியும் அளக்கிறார்களாம். இன்று பிறக்கிற பிள்ளை உயிரோடு வளருமா, எத்தனை வருடம் படிக்கும், படித்தது தலையில் ஏறுமா, வயதுக்கேற்ற உயரம் இருக்கிறதா என்று பார்த்து ஒரு எண் போடுகிறார்களாம். நல்ல சாப்பாடும் முழுப் படிப்பும் கிடைத்தால் ஒரு பிள்ளை வளர்ந்து எவ்வளவு வேலை செய்யக்கூடியவளாக வருவாளோ, அதில் நூற்றுக்கு அறுபதுதான் நம் நாட்டுக் கணக்காம். வீதி போடுவது மாதிரித்தான் பிள்ளைக்குச் சத்துமா கொடுப்பதும், பலன் வர இருபது வருடம் எடுக்கும், ஆனால் வரும் என்றார். நான் எழுந்து, மிச்ச நாற்பது எங்கே போகிறது என்று கேட்டேன். அய்யா, அதைத்தானே நாங்களும் தேடித் திரியுறம் என்று டொக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் என் அம்மாவின் கூடையை ஒவ்வொரு நாளும் நிறுத்தார்கள், அம்மாவை யாரும் ஒரு நாளும் நிறுக்கவில்லை, என்னையும் நிறுக்கவில்லை. இன்றைக்கு என் பேத்தியைத் தராசில் வைத்து எவ்வளவு வளர்ந்தாய் என்று கேட்கிறார்கள், நாங்கள் தண்ணீரைக் காட்டி ஏமாற்றுகிறோம் என்று தோன்றியது. ஏனென்றால் நான் எழுந்து நின்ற அந்த நேரத்தில்தான், டொக்டர் சொன்னதைக் கேட்டுப் பயந்து, உன் அம்மா என் காதுக்குள் இளநீர்க் கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டு உட்காரு என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. என் பேத்தியின் எடையில் அரைக் கிலோ இளநீர் என்று சபையில் சொல்லிவிட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மிட்வைஃப் கஜேந்தினி மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு நிறுத்தார், ஒன்பது கிலோ எழுநூறு, பச்சைக்குக் கீழே. அம்மாவைப் பார்த்து, பிள்ளை என்ன தேயிலையே, நனைச்சு நிறுக்க, உண்மை தெரிஞ்சிருந்தா சித்திரையிலயே சத்துமா தந்திருப்பனே அம்மா என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா, எழுதப் படிச்சதும் பொண்டாட்டிய காட்டிக் குடுக்கறதுதான் மொத வேலையா என்று என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள்தான் விடாமல் பார்க்கிறாள். காலையில் சத்துமா, மதியம் ஒரு முட்டை, பருப்பு, முருங்கை இலை. வாயை மூடினால் கோழிக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லுவாள், உடனே உன் மகள் பிடுங்கித் தின்கிறாள். இந்த ஐப்பசியில் வெறும் வயிற்றோடு பத்துக் கிலோ அறுநூறு. எடை பச்சைக்கு வந்துவிட்டது. உயரம் இன்னும் வரவில்லை, கிட்ட வருகிறது.

இதை எல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். நீ எடுக்கும் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நீ சிரிப்பாய், எனக்கு நா எழாது. எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன், எழுது, செஞ்சது நாந்தான்னும் எழுது என்றாள். மகளே, வருவதா, ஒப்பந்தம் முடியும்வரை இருப்பதா என்று நீயே யோசித்து முடிவெடு. வந்தால் சந்தோஷம், இருந்தாலும் பிள்ளையை நாங்கள் விடமாட்டோம். பொய்க் கோட்டைக் காட்டி உன்னை அங்கே இருத்தி வைப்பது மட்டும் கூடாது.

படத்தை இனி நீ நம்புவாயோ தெரியாது, அதனால் கடிதத்துக்குள் ஒரு நூல் வைத்திருக்கிறேன். அம்மாவின் தையல் நூலை இரட்டையாகத் திரித்தது. ஒரு முனையைத் தரையில் வைத்து உன் உடம்போடு சேர்த்துப் பிடி, மற்ற முனை வரும் இடத்தில் உன் மகளின் தலை இருக்கிறது. முனைக்குக் கொஞ்சம் கீழே ஒரு முடிச்சு இருக்கும், அது ஆடியில் இருந்த உயரம். முடிச்சுக்கும் முனைக்கும் இடையில் ஒரு விரல் அகலம். அது இளநீர் இல்லை.

அம்மன் உன்னைக் காக்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. தண்ணீர் நிறையக் குடி, கால் வீங்கினால் மறைக்காமல் சொல். ஒன்று மறந்துவிடாதே, அளக்கும்போது நூலை இழுத்துப் பிடிக்காதே. இழுத்தால் அதுவும் பொய் சொல்லும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆண்டியப்பன்
(என் கையெழுத்து)