வெட்டாத கடுகுக்கீரை

அன்புள்ள யாவ்-டிங்குக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க இன்று மனம் வரவில்லை. உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது புத்தாண்டு விருந்தில் நீ உன் கையால் கொடுத்த கிண்ணம்தான். நீ வான்கூவருக்கு விமானம் ஏறிய அன்று மாலையே குளியலறையில் காலைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறுகிறது என்று சொல்லி, கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். நேற்றுதான் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

புத்தாண்டுக் கடுகுக்கீரையை நான் அவருக்கென்று பொடியாக நறுக்கி, கொதிநீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தனியாக வைத்திருந்தேன். அவருடைய பழுதான சிறுநீரகத்துக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும், பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடுவதால் சாறு ஒரு வாய் கூடாது. எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்ததை நின்று நின்று படித்துக் கற்றேன். உன் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "வருஷப் பொறப்புக் கீரையப் போய் யாராவது வெட்டுவாங்களா? நீளமா முழுசாத் தின்னாத்தானே ஆயுசு நீளும்? புருஷன் ஆயுசையே அரிஞ்சு வச்சிருக்கா பாரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். நீ எனக்காக ஒரு வார்த்தை பேசுவாய் என்று நினைத்தேன். "விடும்மா, ஒரு நாள்தானே" என்று சிரித்துக்கொண்டே, அத்தை கோழிச்சாற்றில் முழுசாக வேகவைத்த கீரையை எடுத்து, "நூறு வயசு இருங்கப்பா" என்று அவர் கிண்ணத்தில் போட்டாய், சோற்றின் மேல் சாற்றையும் ஊற்றினாய். ஒரு நாளோடு முடிந்ததா? நீ கிளம்பும்வரை வேளைக்கு வேளை அதே பானையைச் சூடாக்கினீர்கள், சாறு சுண்டச் சுண்ட ருசி என்றீர்கள். நான் நறுக்கியதை நானே தின்றேன்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. ஏன் தின்றீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "புள்ள அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து கையால குடுக்குறான், எப்படி வேணாங்கறது" என்றார். பிறகு, "கீரையவிட இந்தக் குழாய் நீளமா இருக்கே, அக்காகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவா" என்று சிரிக்க வேறு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷம் முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று தட்டைப் பிடுங்குகிற பொல்லாதவள் நான், மூன்று நாள் வந்து ஊட்டிவிட்டுப் போன நீ பாசமுள்ள பிள்ளை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அத்தையிடம் நடந்ததை நீதான் போனில் சொல்ல வேண்டும், நான் அவளோடு பேசப்போவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அவரைக் கிளப்பிவிடுவதை நீ நிறுத்த வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, சமைப்பது, ஏச்சு வாங்குவது எல்லாம் வழக்கம்போல் நான். உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், உன் ரத்த அழுத்தத்தையும் போய்ப் பார்த்துக்கொள், நீ அவர் பிள்ளை. அடுத்த புத்தாண்டுக்கு வரும்போது கீரையை நறுக்க வேண்டியது நீ, அத்தை கண்ணெதிரே, பொடியாக. தண்ணீரைக் கொட்டுவதும் நீ. கிண்ணத்தை அவரிடம் நீட்டுவதும் நீயாகத்தான் இருக்க வேண்டும். நான் கொடுத்தால் அவர் தின்னமாட்டார்.

உன் அம்மா,
லியாவ் சூ-சின்
தௌலியு