தொடாத வெற்றிலை

சல்லி
4.3.1974

அன்புத் தங்கை சீதேவிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணிதான் கறிக்கு மிளகாயை அள்ளிக் கொட்டி என் வாயை எரிக்கிறாள். அதற்கும் தினம் சண்டை.

நேற்று நடந்ததை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. என் மகன் யோகராசாவுக்கு உன் மகள் கோணேஸ்வரியைக் கேட்டு, நாலு பெரியவர்களோடு வந்தேன். வெற்றிலை வட்டாவை நானே நீட்டினேன். சின்ன வயதிலேயே என் இடுப்பு மடியில் செருகிய கொட்டைப்பெட்டியில் பாக்குத் திருடிச் சப்பியவள் நீ. நேற்று மட்டும் வெற்றிலையைத் தொடாமல், வாயைச் சேலையால் மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாய். "சம்மந்தம் வேண்டாமெண்டு முகத்துக்கு நேரை காட்டிப்போட்டாள்" என்று வந்தவர்கள் எழும்பினார்கள்.

இந்தக் கிழமைக்குள் பதில் வராவிட்டால் நிலாவெளிப் பெண்ணுக்கு ஓம் என்று சொல்லிவிடுவேன்.

உன் அண்ணன்
தவராசா

---

திருகோணமலை
7.3.1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவசரப்படாதீர்கள். யோகராசா என் மடியில் வளர்ந்த பிள்ளை. அவனை வேண்டாமென்பேனா?

வெற்றிலை போட எனக்கு இப்போது ஏலாது. உள்கன்னம் வெள்ளை படர்ந்து வாய் இறுகிவிட்டது. இரண்டு விரல் நுழையாது. முதலில் உறைப்பு மட்டும் எரிந்தது, இப்போது பச்சைத் தண்ணீரும் எரிகிறது. சோற்றைக் கூழாகக் கரைத்து, யாரும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து சாப்பிடுகிறேன். "இது புற்றுநோயில்லை அம்மா. ஆனா பாக்கும் புகையிலையும் விடாட்டில் அப்பிடி மாறலாம். விட்டாலும் வந்து காட்டிக்கொண்டிருக்க வேணும்" என்றார் டொக்டர். பத்தொன்பதாம் திகதி மறுபடி கிளினிக்.

சபையில் இதைச் சொன்னால் நோய்க்காரியின் மகள் என்று பிள்ளைக்குப் பெயர் வந்துவிடும். அந்தப் பயத்தில் எழும்பி ஓடிவிட்டேன். கோணேஸ்வரி இப்போது என்னோடு கதைப்பதேயில்லை. என் வாய்க்காக அவளைத் தண்டிக்காதீர்கள், அண்ணா.

உங்கள் தங்கை
சீதேவி

---

சல்லி
10.3.1974

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். "உறைப்பு மட்டும் எரிந்தது" என்ற இடத்தில் உன் அண்ணி "நிப்பாட்டுங்கோ" என்றாள். டோர்ச் எடுத்து வந்து, "வாயைத் திறவுங்கோ" என்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உங்களுக்கும் வாய்க்குள்ளை வெள்ளையாத்தான் கிடக்கு" என்றாள்.

ஒரு வருசமாக மிளகாய்க்கு அவளைத் திட்டியிருக்கிறேன், சீதேவி.

நிலாவெளிக்கு இல்லையென்று சொல்லியாயிற்று. வரும் ஞாயிறு அதே பெரியவர்களோடு வருகிறோம். வட்டாவில் கதலிப்பழம்தான் இருக்கும். நீ மசித்துச் சாப்பிடு, யார் கேட்டாலும் நான் பதில் சொல்கிறேன். கோணேஸ்வரியிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

கொட்டைப்பெட்டியைக் கடலில் எறிந்துவிட்டேன். கை இன்னும் மடியைத் தடவுகிறது. பத்தொன்பதாம் திகதி கிளினிக்குக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணா
தவராசா