உள்பக்கம் போட்ட குறி

அன்புள்ள உங்களுக்கு,

நானும் கடையும் தையல் எந்திரங்களும் நலமாக இருக்கிறோம். நீங்களும் வேலைக்குப் போன இடத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, முதுகுவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நம்பி எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் இரண்டாவது வரியிலேயே "உனக்கு இதெல்லாம் புரியாது, விடு" என்கிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான்.

உங்கள் அண்ணன் வந்து, நீங்கள் இருவரும் பேசி முடித்ததைச் சொல்லிவிட்டுப் போனார். கடைக் கம்ப்யூட்டர் இன்றோ நாளையோ என்று இருக்கிறதாம். அது போனால் எம்ப்ராய்டரி எந்திரம் வெறும் இரும்பு. ஆகவே அதை விற்று, கடையை மூடிவிட்டு, நான் அவர் வீட்டு மாடி அறைக்குப் போய்விட வேண்டும். அறைக்கு வெள்ளைகூட அடித்துவிட்டாராம். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குமா என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை? கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் விஷயம் பொய்யில்லை. ஆன் செய்தால் கால் மணி நேரம் முனகும், வேலை நடுவில் திரை நீலமாகி நின்றுவிடும். "தொடாதே, அடுத்த லீவுக்கு வந்து பார்க்கிறேன்" என்று நீங்கள் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. பதினோரு வருஷத்து டிசைன்கள் அதற்குள்ளே. அவர் வந்துபோனபோது பள்ளி திறக்கப் பத்து நாள்; முத்திரை தைக்க வேண்டிய இருநூற்று நாற்பது சட்டைகள் மேஜைமேல். அவை போகாவிட்டால் பள்ளிக்காரர்கள் வேறு கடை பார்ப்பார்கள். அப்புறம் எனக்கு மாடி அறைதான்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் முதலில் ஆகாது என்பாரே என்று நாம் 'ஆகாது அண்ணன்' எனப் பெயர் வைத்தோமே, அவரைத்தான். வந்ததும் "ஆகாதும்மா" என்றார். நம் டிசைன் சாஃப்ட்வேர் அந்தப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடுமாம். மறுபடி போட அதன் சிடியும் இல்லை, செய்த கம்பெனியும் இல்லை. "புதுசுக்கு ஃபைலெல்லாம் வரும். அதைத் திறக்கிற ஆளு வரமாட்டாரு" என்றார். அந்த ஆளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன, வீடு மாறும்போது சாமானை மட்டுமா ஏற்றுகிறோம் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "ஹார்ட் டிஸ்க்கை அப்படியே முழுசா நகல் எடுக்கலாம். ஆனா ஆகாது" என்றார். அந்த "ஆனா"வுக்கு முன்னால் இருந்ததை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

ஓர் அலுவலகத்தில் கழித்த கம்ப்யூட்டரையும் ஒரு வெறும் டிஸ்க்கையும் கொண்டுவந்து வைத்தார். பழைய டிஸ்க்கை ஒன்றாம் வயரிலும், வெறும் டிஸ்க்கை இரண்டாம் வயரிலும் மாட்டி, ஒன்றிலிருந்து இரண்டுக்கு நகல் எடு என்று தாளில் எழுதித் தந்தார். "போச்சுன்னா என்னைச் சொல்லாதீங்க" என்று கிளம்பியும்விட்டார்.

ஞாயிறு மதியம் நானும் நம் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்காவும் உட்கார்ந்தோம். இரண்டு டிஸ்க்கும் பார்க்க ஒரே மாதிரி. அடையாளத்துக்குச் சாக்பீஸால் பழசுக்கு ஒரு கோடு, வெறும் டிஸ்க்குக்கு இரண்டு கோடு போட்டேன். துணியின் உள்பக்கமே குறி போட்டுப் பழகிய தையல்காரி கை வேறெங்கே போடும்? இரண்டுக்கும் உள்பக்கத்தில், அதாவது அடியில் போட்டுவிட்டேன். மேஜையில் வைத்ததும் கோடுகள் மறைந்துவிட்டன. நான் மாற்றி மாட்டியிருக்கிறேன். "ஆரம்பிக்கலாமா?" என்று திரை கேட்டது. ஆமாம் என்று தட்டினேன்.

இடம் போதாது என்று வந்து நின்றது. வெறும் டிஸ்க் பெரியது, பழசு சின்னது. பெரியது சின்னதற்குள் அடங்கவில்லை. அதனால் பிழைத்தோம். இல்லையென்றால் பதினோரு வருஷ வேலையை என் கையாலேயே துடைத்துப் போட்டிருப்பேன். டிஸ்க்குகளைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா, சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யலாமே" என்றார். "முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன்.

வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன் என்றுதான் இந்தத் தப்பையும் எழுதினேன். படித்ததும் "பார்த்தாயா?" என்பீர்கள். பார்த்தேன். பார்த்துவிட்டு வயரை மாற்றி மாட்டினேன்.

மூன்று மணி நேரம் ஆனது. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால், நம் பழைய திரை அப்படியே வந்தது. எழுத்து மட்டும் வீங்கிப்போய்த் தெரிந்தது. எம்ப்ராய்டரி எந்திரத்தின் வயர் நுழைய இந்தக் கம்ப்யூட்டரில் வாய் இல்லை. திங்கட்கிழமை ஆகாது அண்ணன்தான் அதை மாட்ட ஒரு இணைப்பு கொண்டுவந்தார். முதல் முத்திரை தைத்து முடிந்ததும் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா அழுதுவிட்டார், நானும்தான். வெள்ளிக்கிழமை இருநூற்று நாற்பதும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன.

எந்திரத்தை விற்க மாட்டேன். மாடி அறைக்கும் போக மாட்டேன். உங்கள் அண்ணனிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். பழைய கம்ப்யூட்டரில் எல்லாமே உங்கள் பெயரில் இருந்தது. இத்தனை வருஷமும் தினம் காலையில் உங்கள் பெயரைத் தட்டித்தான் நான் உள்ளே போனேன். இப்போது பொறுப்பாளர் இடத்தில் என் பெயர் இருக்கிறது. உங்களை எடுத்துவிடவில்லை. தனியாக ஓர் இடம் வைத்திருக்கிறேன். எந்த டிசைனையும் நீங்கள் திறக்கலாம், தைக்கலாம், புதிதாக வரையலாம். அழிப்பதற்கு மட்டும் என்னைக் கேட்க வேண்டும்.

உங்கள் இடத்துக்குக் கடவுச்சொல் போடாமல் விட்டிருக்கிறேன். போனில் சொன்னால் போட மாட்டேன். இந்த லீவுக்கு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் கையால் போட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையைத் திறந்தே வைத்திருக்கும்,
உங்கள் மனைவி