முதுகில் சுமந்தவன்

பமாக்கோ,
3 பிப்ரவரி 1979

என் அடிமையும் பயறுதின்னியுமான ஃபடியாலாவுக்கு,

நலம்தானே? பிரெஞ்சில் எழுதியதால் என் நாவல் உனக்கு எட்டவில்லை. இப்போது அதையே படமாக எடுத்துவிட்டேன். என் அம்மா சரானின் கதை. இருபதாம் தேதி செகூவுக்குப் படப்பெட்டி வருகிறது. உனக்கு முன்வரிசையில் நாற்காலி. பயறு தின்றுவிட்டு வராதே, பின்னால் இருப்பவர்கள் பாவம்.

உன் எஜமான்,
தியெமோகோ தியாரா

*

செகூ,
26 பிப்ரவரி

மதிப்பிற்குரிய தியாரா அவர்களுக்கு,

குடும்பத்தோடு படம் பார்த்தோம். நன்றாக இருந்தது. மகன் தாயை முதுகில் சுமந்து, பானி ஆற்று வெள்ளத்தில் ஆஸ்பத்திரிக்கு நடக்கும் இடத்தில் கொட்டகையே அழுதது. என் மகள் நியெலே கேட்டாள்: "சரான் பாட்டியத் தூக்கிட்டுப் போனது நீங்கன்னு சொல்லுவீங்களே, அது பொய்யாப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. தாங்கள் உடல்நலம் பேணவும்.

தங்கள்,
ஃபடியாலா த்ராவோரே

*

பமாக்கோ,
9 மார்ச்

ஃபடியாலா,

"மதிப்பிற்குரிய" என்றா எழுதுவாய்? தியாராவும் த்ராவோரேயும் பாட்டன் காலத்திலிருந்து ஒருவரையொருவர் அடிமை, பயறுதின்னி என்று ஏசிக்கொள்ளும் கேலிமுறைக்காரர்கள். அம்மாவைப் புதைத்த அன்றுகூட நீ கேலி பேசி ஊரைச் சிரிக்க வைத்தாயாம். எனக்கோ இப்போது உன்னிடமிருந்து வெறும் மரியாதை வந்திருக்கிறது. வெட்கத்தில் கூனிக்குறுகிப்போனேன்.

தந்தி கிடைத்தும் நான் பாரீசிலிருந்து வரவில்லை. சினிமாப் பள்ளியில் பரீட்சை. நாவலில் சுமந்தவன் நான் என்று எழுதினேன். எழுத எழுத எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. விருது மேடையில் "சொந்தக் கதையா?" என்றார்கள். ஆமாம் என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேற்று இங்கே படம் முடிந்ததும் எழுந்து உன் பெயரைச் சொன்னேன். ஒருவர் கத்தினார்: "அப்ப நீ எங்கய்யா இருந்தே?"

"பாரீசுல, பரீட்சையில."

யாரும் கைதட்டவில்லை.

இதை நியெலேயிடம் காட்டு. மன்னிக்க வேண்டாம். ஒரே ஒரு தடவை திட்டு.

தியெமோகோ

*

செகூ,
2 ஏப்ரல்

பயறுதின்னியே,

நியெலேயிடம் காட்டினேன். "அவரு வந்தா நான் தண்ணிகூடக் குடுக்கமாட்டேன்" என்கிறாள். கொடுப்பாள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. காய்ச்சலில் அம்மாவுக்கு ஆள் தெரியவில்லை. வழிநெடுக என் காதருகே, "தியெமோகோ, மெதுவாப் போடா, வழுக்கப்போகுது" என்றாள். நானும் "சரிம்மா, சரிம்மா" என்றே நடந்தேன். உன் பெயரில் முதலில் பொய் சொன்னவன் நான்தான்.

மழை வருமுன் வந்து அவள் மண்ணைப் பார். ஆற்றங்கரையிலிருந்து நீயே நட, கழுதை.

உன் எஜமான்,
ஃபடியாலா