காலடிக் கறுப்பு

பத்து காஜா,
11.3.1985

தம்பிக்கு,

என் மகளுக்கு உன் கமுந்திங் ஃபேக்டரியிலிருந்து நீ அனுப்பிய கையடக்க வீடியோ கேம் வந்தது. "மாமாவே யோசித்தது" என்று பெட்டியில் எழுதியிருக்கிறாய். பழைய ஈயச்சுரங்கக் குட்டையில் பலகைக்குப் பலகை தாவும் அந்தப் பெண், தீபாவளிக்கு நீ வந்துபோன பின் காணாமற்போன என் நோட்டில் இருந்தவள். ஒரு பலகையைக்கூட நீ மாற்றவில்லை.

ஆனால் அவள் காலடியில் நான் பென்சிலால் தீட்டியிருந்த கறுப்பை அழுக்கென்று விட்டுவிட்டாய். அது நிழல், மடையா! கிட்டேயும் தூரத்திலுமாகக் கிடக்கும் பலகைகளில் எதன்மேல் இறங்குவாள் என்று அதுதான் காட்டும்.

"மாமா கேம் சரியில்லலா, எப்படித் தாவுனாலும் குட்டையில விழுது" என்கிறாள் மகள்.

"மாமாவையே கேளு" என்றேன்.

நாளைக்கு ஃபேக்டரியிலும் இதையே கேட்பார்கள். அப்போது எனக்கு எழுதாதே. நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது?

இப்படிக்கு,
அழுக்குத் தீட்டிய அக்கா